நெல்லும் வேண்டும், சுமக்க ஆளும் வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

வேலையில்லாமல் இருக்கும் ஒரு கலைஞர், அடுத்து எந்தப் பிழைப்பைத் தேர்ந்துகொள்வது என்பதை இறைநம்பிக்கையோடு எப்படி எண்ணிப் பார்ப்பது என்று பேசும்படி நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். எல்லாருக்கும் பொதுவாக எடுத்துச் சொல்லும் அளவுக்கு நான் படித்தவன் அல்லன். 2006-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் தொடங்கிப் பதினான்கு மாதங்கள், கையில் தொழில் இருந்தும் வேலை இல்லாமல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவன். அந்தத் திண்ணையில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

நான் கோவில்பட்டியில் போர்டு எழுதும் தொழில் செய்தவன். பதினைந்து வயதில் என் ஆசானிடம் சேர்ந்தேன். முதல் ஒரு வருடம் பிரஷ் கழுவுவதும், தகரத்துக்குப் பிரைமர் அடிப்பதும், சுவரில் நூல் அடிப்பதும்தான் வேலை. நூலை நீலப்பொடியில் தோய்த்து இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டிவிட்டால் சுவரில் நேர்கோடு ஒன்று விழும். அந்தக் கோட்டுக்குமேல் எழுத்து உட்கார வேண்டும். ‘ழ’ என்ற எழுத்தின் கீழ்ச்சுழியை ஒரே இழுப்பில், மூச்சை அடக்கி, பெயிண்ட் வழியாமல் இழுக்க எனக்கு மூன்று வருடம் ஆனது. ஜவுளிக்கடை, தீப்பெட்டி ஆபீஸ், திருமண மண்டபம், கட்சிக் கூட்டம், கோயில் கொடை என்று எல்லாவற்றுக்கும் எங்கள் கை வேண்டியிருந்தது. பிறகு பிளக்ஸ் வந்தது. இரண்டு நாள் எழுதும் பேனரை இயந்திரம் அரைமணி நேரத்தில், புகைப்படத்தோடு, எங்கள் கூலியில் பாதிக்கும் குறைவான விலையில் அச்சடித்துக் கொடுத்தது. வாடிக்கைக்காரர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்களும் கணக்குப் பார்த்துப் பிழைப்பவர்கள்தான். ஆனால் தமிழ்நாட்டின் ஒவ்வோர் ஊரிலும் பேருந்து நிலையத்தை ஒட்டி நான்கைந்து ‘ஆர்ட்ஸ்’ கடைகள் இருந்ததும், சில வருடங்களுக்குள் அவற்றில் பெரும்பாலானவை மூடிப்போனதும் உங்களில் பலர் கண்ணால் கண்டதுதான். என் கடையும் அவற்றில் ஒன்று.

வேலை இல்லாதவனிடம் ஊர் பேசும் பேச்சுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதல் மாதம் விசாரிப்பார்கள். மூன்றாம் மாதம் யோசனை சொல்வார்கள். ஆறாம் மாதத்துக்குமேல், ‘மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்’ என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள். அது நல்ல வார்த்தைதான். நானே பிறருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அரிசிப் பானையின் அடியைப் படி சுரண்டும் சத்தம் கேட்கிற வீட்டில் இருந்துகொண்டு அந்த வார்த்தையைக் கேட்பது வேறு. எனக்கு அப்போது இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவள் ஒன்றாம் வகுப்பு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பித்து வந்தேன். அங்கிருந்து ஒரு அழைப்பும் வரவில்லை.

என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, கணினி கற்றுக்கொண்டு, என் தொழிலை முடித்துவைத்த அதே பிளக்ஸ் கடையில் வடிவமைப்பாளனாகச் சேர்வது. இரண்டாவது, ஜவுளிக்கடையில் விற்பனைக்கு நிற்பது. மாமனார் சொல்லிவைத்திருந்த இடம், மாதச் சம்பளம் உறுதி. மூன்றாவது, எப்படியாவது பிரஷைக் கீழே வைக்காமல் இருப்பது. மூன்றாவதை வழி என்று சொல்வதே தவறு. அது ஓர் ஆசை. அதற்கு முகவரி இல்லை.

என் அம்மா சாமியிடம் கேட்டுவிடலாம் என்றார். எங்கள் பக்கத்தில் பூக்கட்டிப் பார்ப்பது வழக்கம். செண்பகவல்லி அம்மன் சந்நிதிக்குப் போனோம். வெள்ளை நந்தியாவட்டையை ஒரு வாழையிலைத் துண்டிலும், செவ்வரளியை இன்னொரு துண்டிலும் மடித்து, வாழைநாரால் அம்மாவே கட்டினார். இரண்டு பொட்டலமும் ஒரே அளவில் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தது இப்போதும் கண்ணில் இருக்கிறது. வெள்ளை வந்தால் ஜவுளிக்கடை. சிவப்பு வந்தால் பெயிண்ட். அம்மன் காலடியில் வைத்து, கும்பிட வந்திருந்த யாரோ ஒரு வீட்டுக் குழந்தையை எடுக்கச் சொன்னோம். நாரைப் பிரித்தால் சிவப்பு.

அம்மாவின் முகம் வாடிப்போனது. சிவப்பு வந்ததில் எனக்கும் மகிழ்ச்சி இல்லை. பெயிண்ட்தான் உன் வழி என்று அம்மன் சொல்லிவிட்டாள். அந்தப் பெயிண்டுக்குக் கூலி கொடுக்க ஊரில் ஒருவர்கூட இல்லையே! விடை கிடைத்த பிறகுதான் என் குழப்பம் இரண்டு மடங்கு ஆனது. வாழ்க்கையில் வழி கேட்டுக் கடவுளிடம் போகிறவர்கள் பலருக்கும் இந்த இடம் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அன்று பிரகாரத்தில் ஓதுவார் ஐயா உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, “குண்டையூர் நெல் கதை தெரியுமா தம்பி?” என்றார். தெரியும் என்றேன். “தெரிந்திருந்தால் இப்படி உட்கார்ந்திருக்கமாட்டாய்” என்று சொல்லி, கதையை முதலிலிருந்து சொன்னார்.

சுந்தரமூர்த்தி நாயனார் திருவாரூரில் பரவையாரோடு வாழ்ந்த காலத்தில், குண்டையூர் கிழார் என்ற அன்பர் அவர் வீட்டுக்கு நெல்லும் பருப்பும் அனுப்பி வந்தார். மழை பொய்த்தது; அனுப்ப நெல் இல்லை என்று கிழார் வருந்திக் கிடந்தார். இரவில் இறைவன் அருளால் குண்டையூர் முழுவதும் நெல் மலையாகக் குவிந்தது. சுந்தரர் வந்து பார்த்தார். நெல் இருக்கிறது, ஆனால் மலையளவு நெல்லைத் திருவாரூருக்கு எடுத்துப்போக ஆள் இல்லை. சுந்தரர் பக்கத்தில் இருந்த திருக்கோளிலிக் கோயிலுக்குப் போய்ப் பாடினார். நெல் தந்தாய், சுமக்க ஆள் இல்லை, என் மனைவி வாடி வருந்துகிறாள், அதை எடுத்து அனுப்பும்படி சொல் என்று பாடினார். அன்றிரவு பூதகணங்கள் சுமந்துபோய்த் திருவாரூர்த் தெருக்களை நெல்லால் நிரப்பின என்பது பெரியபுராணம்.

ஓதுவார் ஐயா சொன்னது இதுதான்: “நெல் கிடைத்த அன்றைக்கே, வந்ததைக் கும்பிட்டுவிட்டு, மிச்சத்தை நாமே பார்த்துக்கொள்வோம் என்று அவர் வெட்கப்பட்டு நிற்கவில்லை. உனக்குச் சிவப்புப் பூ வந்துவிட்டது. அது நெல். இனி ஆள் கேள்.”

இந்த ஒரு பேச்சு என் பிரார்த்தனையை மாற்றியது. அதுவரை நான் இரண்டு பிரார்த்தனைகள் வைத்திருந்தேன். கலையைப் பற்றிய பிரார்த்தனை உயர்ந்தது. அதைச் சந்நிதியில் செய்தேன். வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் பற்றிய பிரார்த்தனை தாழ்ந்தது. அதை இரவில், யாருக்கும் கேட்காமல், பாயில் படுத்துக்கொண்டு செய்தேன். தேவாரம் பாடிய சுந்தரர் அப்படிப் பிரிக்கவே இல்லை. திருப்புகலூரில் அவர் புலவர்களைக் கூப்பிட்டுச் சொல்கிறார்: கொடுக்காத பொய்யரைப் புகழ்ந்து பாடாதீர்கள், எம்பெருமானைப் பாடுங்கள், சோறும் துணியும் இந்தப் பிறவியிலேயே கிடைக்கும் என்று. வேலை தேடி அலையும் கலைஞர்களைப் பார்த்தே பேசிய பேச்சாக அது எனக்குப் படுகிறது. சிவலோகத்தை அவர் பிறகுதான் சொல்கிறார், முதலில் சோறு.

பிரார்த்தனை ஒன்றான பிறகு, வழிகளை எடைபோடும் முறையும் மாறியது. எது பெரிய வழி, எது சிறிய வழி என்று பார்ப்பதை விட்டேன். நெல் எது, ஆள் எது என்று பார்த்தேன். ஓவியம் நெல். ஜவுளிக்கடையை ஓவியத்துக்கு எதிரி என்று நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் அது சுமக்கும் ஆளாக இருக்கலாம். அங்கே போய்ப் பேசினேன். காலை ஒன்பது மணி முதல் இரவு பத்து மணி வரை நிற்க வேண்டும், வாரத்தில் அரைநாள் விடுப்பு என்றார்கள். அந்த ஆள் நெல்லைச் சுமக்கமாட்டான், கொட்டிவிடுவான் என்று தெரிந்தது. ஒரு மளிகைக்கடையில் காலை ஐந்து மணி முதல் ஒன்பது மணி வரை சரக்கு இறக்கிக் கணக்கு எழுதும் வேலை இருந்தது. சம்பளம் குறைவு, ஆனால் பகல் முழுக்க என்னுடையது. அதில் சேர்ந்தேன். வேலையில்லாத அந்தப் பதினான்கு மாதம் அதோடு முடிந்தது.

இரண்டு வருடம் அந்தக் கடையில் இருந்தேன். சிறுவயதிலேயே எழுதி வைத்திருந்த அரசு ஓவியத் தேர்வுகளின் சான்றிதழ்கள் பெட்டியில் கிடந்தன. அவற்றை வைத்துக் கோடை விடுமுறையில் தொழிலாசிரியர் சான்றிதழ்ப் பயிற்சியை முடித்தேன். பிறகு 2012-இல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தபோது எனக்கும் ஓர் அரசுப் பள்ளியில் இடம் கிடைத்தது. வாரத்தில் மூன்று அரைநாள். அப்போது மாதம் 5,000 ரூபாய். அந்தத் தொகை ஒரு குடும்பத்துக்குப் போதாது என்பதை இங்கே தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறேன்; குழந்தைகளின் கைக்கு முதல் பென்சில் பிடிப்பைக் கற்றுக்கொடுக்கிறவர்களுக்கு அதைவிட மேலான நிலை வேண்டும். மீதி நாள்களில் கோபுரங்களுக்கு வர்ணம் தீட்டும் ஸ்தபதியாரோடு சாரம் ஏறினேன். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்வது வழக்கம் என்பதால் எங்காவது ஒரு கோபுரம் வர்ணத்துக்குக் காத்திருக்கும். போர்டில் எழுத்துக்குப் பழகிய கை, சுதைச் சிற்பத்தின் புருவத்துக்கு வர ஒரு பருவம் ஆனது.

எங்கள் ஊரில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது கொண்டைய ராஜு அவர்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1898-இல் பிறந்த அவர் சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் தங்கியிருந்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். அந்தக் கம்பெனி கலைந்தது கோவில்பட்டியில். வேலை போன இடத்திலேயே தங்கி, சீடர்களைச் சேர்த்து, அவர் தீட்டிய முருகனும் லட்சுமியும் மீனாட்சியும் சிவகாசி அச்சகங்களில் காலண்டராகி வீட்டுக்கு வீடு பூஜை அறைக்குப் போயின. 1976-இல் மறைந்தார். ஆசிரமத்தில் இருந்தது பக்தி, காலண்டர் எழுதியது பிழைப்பு என்று அந்த வாழ்க்கையைக் கோடு போட்டுப் பிரிக்க என்னால் முடியவில்லை. என் ஆசானின் கடைச் சுவரில் அவர் எழுதிய முருகன் படம் ஒன்று, விளிம்பெல்லாம் பழுப்பேறி, நான் சேர்ந்த நாளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

எல்லா நம்பிக்கைக்காரர்களுக்கும் பூக்கட்டும் வழக்கம் இருக்காது. நம்பர் பிளேட் எழுதும் முஸ்லிம் நண்பர் ஒருவர், முடிவெடுக்கும் முன் இறைவனிடம் வழி கேட்கும் இஸ்திகாரா என்ற தொழுகையை இரண்டு ரக்அத், அதாவது இரண்டு சுற்று, தொழுவார். கனவில் அடையாளம் வருமா என்று நான் கேட்டேன். அதற்குக் காத்திருப்பதில்லை என்றார். நன்மையாக இருந்தால் எளிதாக்கு, இல்லையென்றால் என்னை அதிலிருந்து திருப்பிவிடு என்று கேட்டுவிட்டு, எழுந்து அந்த வேலையைத் தொடங்கிவிடுவாராம். புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த வசன அட்டை எடுக்கும் கிறிஸ்தவ நண்பர்களும் எனக்கு உண்டு. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அவர்கள் மனு எழுதப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

சென்ற மார்கழியில் ஓர் இளைஞர் என்னைத் தேடி வந்தார். சென்னையில் ஒரு நிறுவனத்தில் படம் வரைந்தவர். இப்போது கணினியே படம் வரைகிறது என்று சொல்லி, அவரோடு சேர்த்துப் பலரை அனுப்பிவிட்டார்கள். ஏழு மாதமாக வீட்டில் இருக்கிறார். அந்தப் புதுக் கருவியையே கற்றுக்கொள்வதா, போட்டித் தேர்வுக்குப் படிப்பதா, அப்பாவின் உரக்கடையில் உட்காருவதா என்று கேட்டார். கடவுள் எந்த வழியைக் காட்டுகிறார் என்றே தெரியவில்லை, அண்ணாச்சி, என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. வீட்டில் எத்தனை நாளுக்கு அரிசி இருக்கிறது என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏழு மாதத்தில் இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலும். பிறகு வாடகை, கடன் தவணை, அம்மாவின் மருந்து என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு தாளில் எழுதிக் கூட்டினோம். அந்தத் தாளைச் சந்நிதிக்கு எடுத்துப்போய் வைத்துக் கும்பிடச் சொன்னேன்.

மறுநாள் விடியற்காலையில் கோபுரத்தின் அடியில் வந்து நின்றார். நாள் கூலிக்கு ஒரு கை எங்களுக்குத் தேவையாக இருந்தது. பதினொரு மணிக்குத் தொலைபேசியில் ஒரு நேர்காணல் இருப்பதாகச் சொன்னார். சாரத்திலிருந்து இறங்கி, வேப்பமரத்தடியில் நின்று அரைமணி நேரம் பேசிவிட்டுத் திரும்ப ஏறினார். என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. இரண்டாம் நிலையில் இருந்த சிவபெருமானின் கழுத்துக்கு நீலம் கலந்து வைத்திருந்தோம். வெயில் ஏறுவதற்குள் அதைப் பூசி முடிக்க வேண்டியிருந்தது.

வணக்கம்.