கள் காத்திருக்காது

எல்லோருக்கும் வணக்கம். நான் கள்ளுக்கடையில் வளர்ந்தவன். இதை மேடையில் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.

உடுமலைப்பேட்டைப் பக்கம் எங்கள் ஊர். தென்னந்தோப்புக்குள் வீடு, அதை ஒட்டி ஓர் ஓலைக் கொட்டகை. தமிழ்நாட்டில் 1981-ல் மதுவிலக்கைத் தளர்த்தியபோது எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, கள்ளுக்கடையை ஏலத்தில் எடுத்தார். அப்போது எனக்கு ஆறு வயது.

கடையை நடத்தியது அப்பாரு இல்லை, கள்தான் என்பேன். பாளையிலிருந்து சொட்டும்போது அது வெறும் இனிப்பு நீர். பாளையில் கட்டும் மண்கலயமான முட்டிக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீராக நிற்கும். தடவாவிட்டால் விழுந்த நிமிடமே புளிக்கத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது மதியம் நுரை தள்ளும், மறுநாள் காடியாகிவிடும். அதனால் எங்கள் வீட்டில் யாருக்கும் விடிந்தபின் தூக்கமில்லை. மரமேறும் மாமா காலையும் மாலையும் பாளை சீவி இறக்குவார். அம்மா சுண்டல் தாளிப்பாள். வடிகட்டுவது என் வேலை. மட்டையடியில் இருக்கும் பன்னாடையை விரித்துப் பிடித்தால் தேனீ, எறும்பு, தூசி எல்லாம் அதில் தங்கிவிடும். இன்றைக்கும் யாராவது ஒருவரைப் பன்னாடை என்று திட்டினால் எனக்கு அந்தப் புளித்த வாசனைதான் வருகிறது.

கல்லாவில் ஆத்தா, என் பாட்டி. மூன்றாவது மொந்தை கேட்டால், "வூட்டுல புள்ளைங்க சாப்பிட்டாச்சா?" என்பாள். பதில் வராவிட்டால் கள்ளும் வராது. சண்டை வரும், அழுகை வரும், நான் பயந்த நாள்களும் உண்டு. ஆனால் ஆத்தாவின் குரலை மீறி அங்கே யாரும் குரல் உயர்த்தியதில்லை. பின்வாசலில் ஆப்ப மாவுக்கு என்று ஒரு சொம்பு கள் வாங்கப் பெண்கள் வருவார்கள். அவர்களிடம் அவள் காசு வாங்கமாட்டாள்.

1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடை. கடை போனது. மாமா பிழைப்புக்குப் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் மரமேறப் போய்விட்டார். போகுமுன் எல்லா மரத்திலும் ஏறி முட்டிகளை அவிழ்த்து இறக்கினார். சீவின பாளைகள் அதற்கப்புறமும் சில நாள் சொட்டின. நானும் தங்கையும் கீழே நின்று அண்ணாந்து வாயைத் திறந்தோம். தித்திப்பாக இருந்தது.