சைக்கிள் பாதைக்கு ஆள் சேர்க்கிறவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம். ஒரு சாலையில் சைக்கிள் பாதை வரப்போகிறது என்று பேச்சு கிளம்பினால் முதலில் ஒரு பேரணி நடக்கும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, ஒரே நிறத்தில் டி-ஷர்ட், கியர் சைக்கிள்கள், நாலு போட்டோ. நல்ல காரியந்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தினமும் சைக்கிள் சவுட்டிப் பிழைப்புக்குப் போகிறவர் அந்தப் போட்டோவில் இருக்கமாட்டார். நாகர்கோவில் கோட்டாறு சந்தையிலிருந்து கேரியரில் சாமான் கட்டி வருகிறவர், கொத்தனாருக்குக் கையாளாகப் போகிறவர், அரசு கொடுத்த சைக்கிளில் போகும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை, இவர்களுக்குத்தான் அந்தப் பாதை முதலில் வேண்டும். இவர்களைக் கணக்கில் கொண்டுவர வேண்டும். கணக்கு என்றால் நிஜமாகவே கணக்கு. ஒரு நோட்டு, ஒரு பேனா.

பகல் பதினோரு மணிக்குப் பார்வையிட வருகிறவர், "இந்த ரோட்டில் சைக்கிளே போகவில்லையே" என்பார். அந்த நேரத்தில் போகாது. காலை ஏழரை முதல் ஒன்பதரை, சாயந்தரம் நாலு முதல் ஆறரை, அப்போது எண்ணுங்கள். தோவாளைப் பக்கம் பூச்சந்தை இருப்பதால் விடியும் முன்பே தொடங்கவேண்டும். ஒரு திசைக்கு ஒருவர். கால் மணிக்கு ஒரு கட்டம் போட்டு, நாலு கோடு, ஐந்தாவது குறுக்கே. மாணவர், பெண்கள், சுமை ஏற்றிப் போகிறவர் என்று தனித்தனி வரி. பள்ளி விடுமுறையன்றும் சுசீந்திரம் தேரன்றும் எண்ணினால் அந்தக் கணக்கு எதற்கும் உதவாது. மழை நாளில் ஒரு தடவை எண்ணித் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்தது, சாலை யாருடையது? மைல்கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. நகருக்குள் ஓடுகிறது என்பதாலேயே அது மாநகராட்சிச் சாலை ஆகிவிடாது. தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு மேசை மேசையாகச் சுற்றும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம். ஒரே மனுவில் நூறு பேர் கையெழுத்துப் போட்டால் அதற்கு ஒரே எண்தான் விழும், ஆகவே ஆளுக்கொரு தாள். "பாதுகாப்பு வேண்டும்" என்று மட்டும் எழுதாமல், வடசேரியிலிருந்து பார்வதிபுரத்துக்குக் காலை எட்டேகாலுக்குப் போகிறேன், இந்த வளைவில் பஸ் ஒதுங்கும்போது எனக்கு இடமில்லை என்று எழுதச் சொல்லுங்கள். இதை எழுத வைக்க நல்ல இடம் பஞ்சர் கடை. டியூப் ஒட்டுகிற நேரத்தில் ஒரு தாள் நிரம்பிவிடும். மனு எண் போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள்.

இப்போது சாலையோர மழைநீர் ஓடைக்கு வருகிறேன். இது என் பழைய புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. சாலையின் நடுவை உயர்த்திப் போட்டு, தண்ணீரை ஓரத்துக்குத் தள்ளுகிறார்கள். சைக்கிள் பாதை வருவதும் அதே ஓரத்தில்தான். கார் வராமல் இருக்க, சாலைக்கும் பாதைக்கும் நடுவே சிமெண்ட் தடுப்பை இடைவெளி விடாமல் கட்டினால், சாலைத் தண்ணீர் ஓடைக்குப் போகாமல் தடுப்போரம் தேங்கும். வரைபடம் போடும்போதே தடுப்பில் சில அடிக்கு ஒரு திறப்பு கேளுங்கள். திரும்பவும் சொல்கிறேன், வரைபடம் போடும்போதே. கட்டிய பிறகு யாரும் உடைத்துத் தரமாட்டார்கள்.

ஓடைமேல் இரும்புச் சட்டம் இருந்தால் அதன் கம்பிகள் சக்கரத்துக்குக் குறுக்கே கிடக்கவேண்டும். சக்கரம் உருளும் திசையிலேயே கம்பி போனால் டயர் இடுக்கில் இறங்கும், ஆள் ஹேண்டிலுக்கு மேலாக விழுவார். ரேஸ் சைக்கிள் டயர் ஒரு அங்குலந்தான், சாதா சைக்கிளுக்கே ஒன்றரை அங்குலம். கான்கிரீட் மூடிகளையும் பாருங்கள். தூர்வாரத் தூக்கியவர்கள் திரும்ப வைக்கையில் ஒரு முனை தூக்கி நிற்கும். தண்ணீர் மூடினால் அது கண்ணுக்குத் தெரியாது. மழை நாள் கணக்கு இதற்குத்தான். அன்று எத்தனை பேர் ஓரத்தை விட்டு நடுரோட்டுக்கு ஏறுகிறார்கள் என்று எண்ணிக் காட்டினால் எந்தப் பொறியாளரும் தட்டமுடியாது. மூடிமேல் பாதை போடாமல் அதற்கு உள்பக்கம் போடச் சொல்லுங்கள், தண்ணீர் பக்கவாட்டுத் துளை வழியே இறங்கட்டும்.

அகலம்? ஹேண்டில் பார் சுமார் இரண்டடி, ஆட்டத்துக்கும் இடம் விட்டால் ஆளுக்கு ஒரு மீட்டர். ஒருவரை ஒருவர் முந்த இரண்டு மீட்டர். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸும் ஒருவழிப் பாதைக்கு அதையே குறைந்தபட்சம் என்கிறது. டேப் வைத்து, மிகக் குறுகலான இடத்தை அளந்து எழுதுங்கள். அகலமான இடத்தை அளந்து பயனில்லை.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். வியாபாரிகள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடை முன் பார்க்கிங் போய்விடும் என்ற அவர்கள் கவலை நியாயமானது. சரக்கு இறக்க நேரம் ஒதுக்குங்கள் என்று மனுவில் நீங்களே கேட்டுவிட்டால் பாதி எதிர்ப்பு அடங்கும். வெறும் வெள்ளைக்கோடு போதும் என்று மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள், மறுநாளே அதன்மேல் பைக் நிற்கும். பஸ் நிறுத்தத்தில் பாதை நிழற்குடைக்குப் பின்னால் சுற்றிப் போகவேண்டும். சந்திப்புகளைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. நன்றி, வணக்கம்.