பலசரக்குக் கடையில் தொடங்கிய கதை

அவையோர்க்கு வணக்கம். மைக்கேல் மான் இயக்கி 2009இல் வெளிவந்த 'பப்ளிக் எனிமீஸ்' பற்றிப் பேச வந்திருக்கிறேன். அமெரிக்கப் பெருமந்தக் காலத்தில் வங்கிகளைச் சூறையாடிய ஜான் டில்லிஞ்சரின் கதை. ஜானி டெப் நடித்தது.

இடங்களைப் பொறுத்தவரை மான் எந்தச் சமரசமும் செய்துகொள்ளவில்லை. 1934 மார்ச் 3 அன்று டில்லிஞ்சர் தப்பியோடிய கிரௌன் பாயிண்ட் சிறையிலேயே படம் பிடித்தார். விஸ்கான்சினில் துப்பாக்கிச் சண்டை நடந்த லிட்டில் பொஹீமியா விடுதிக்கே கேமராவைத் தூக்கிச் சென்றார். ஆனால் காலத்தில் கை வைத்துவிட்டார். அதே காலத்து வங்கிக் கொள்ளையர்களான பிரிட்டி பாய் ஃபிளாய்டும் பேபி ஃபேஸ் நெல்சனும் படத்தில் டில்லிஞ்சருக்கு முன்பே சாகிறார்கள். உண்மையில் டில்லிஞ்சர் சுடப்பட்டது 1934 ஜூலை 22. மற்ற இருவரும் அக்டோபரிலும் நவம்பரிலும்தான் இறந்தார்கள். திரைக்கதையின் தேவை என்று இதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

என்னால் பொறுக்க முடியாதது வேறு. 1924இல் இண்டியானாவின் மூர்ஸ்வில் ஊரில், 21 வயது டில்லிஞ்சர் நண்பர் ஒருவரோடு சேர்ந்து பலசரக்குக் கடைக்காரரை அடித்துப் பணம் பறிக்கப் பார்த்தார். குற்றத்தை ஒப்புக்கொள், நீதிமன்றம் இரங்கும் என்றார் தந்தை. மகன் வழக்கறிஞர் இல்லாமலே போய் ஒப்புக்கொண்டார். கிடைத்தது 10 முதல் 20 ஆண்டுகள். வழக்கறிஞர் வைத்து வாதாடிய நண்பர் இரண்டு ஆண்டுகளுக்குள் வெளியே வந்துவிட்டார்!

டில்லிஞ்சர் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் உள்ளே கிடந்தார். தேர்ந்த வங்கிக் கொள்ளையரிடம் தொழில் பழகியது அங்கேதான். 1933 மே மாதம் வெளியே வந்தபோது வேலை இல்லை. அந்த ஓராண்டில் மட்டும் சுமார் 4,000 வங்கிகள் முறிந்தன. சேமிப்பைப் பறிகொடுத்தவர்களுக்கு வங்கியின் பேரில் இரக்கம் எங்கிருந்து வரும்? இத்தனையையும் படம் ஓரிரு வசனங்களில் தாண்டிவிடுகிறது.

அவரைப் புனிதராக்க நான் வரவில்லை. ஈஸ்ட் சிகாகோ வங்கியில் கொள்ளை நடந்தபோது ஒரு காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலை வழக்கு டில்லிஞ்சர் மீதுதான். ஆனால் ஒருவரின் வாழ்க்கையைச் சொல்ல வரும் படம், அவர் எங்கே திரும்பினார் என்பதைக் காட்ட வேண்டாமா?

டில்லிஞ்சர் சுடப்படும் சிகாகோ பயோகிராஃப் திரையரங்கு வாசல் காட்சியை மான் அற்புதமாக எடுத்திருக்கிறார். நான் அதற்குப் பின்னும் கொஞ்சம் போயிருப்பேன். இண்டியானாபொலிஸ் கல்லறைத் தோட்டம். உடலை யாரும் தோண்டி எடுத்துவிடக் கூடாது என்று மகனின் குழிமேல் கான்கிரீட் போடச் செய்தவர், அன்று ஒப்புக்கொள்ளச் சொன்ன அதே தந்தை.