ஆறாம் வகுப்பில் அட்வான்ஸ்டு கணக்கு: சேர்ப்பதா, வேண்டாம் என்பதா?

வணக்கம். டெக்சாஸில் ஐந்தாம் வகுப்பு முடிக்கப்போகும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இந்தக் காணொளி உங்களுக்குத்தான். மற்ற மாநிலத்தாரும் போய்விடாதீர்கள். விதிகள் வேறாக இருக்கலாம். நடுவில் ஒரு தாளில் போட்டுக் காட்டப்போகும் கணக்கு எல்லோருக்கும் பொது.

2023-இல் டெக்சாஸ் சட்டமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. ஐந்தாம் வகுப்புக் கணக்கில் முதல் 40 சதவீதத்துக்குள் வரும் பிள்ளையைப் பள்ளியே ஆறாம் வகுப்பில் அட்வான்ஸ்டு கணக்கில் சேர்த்துவிட வேண்டும். விண்ணப்பம் போட வேண்டாம், சிபாரிசு தேட வேண்டாம். விருப்பமில்லாத பெற்றோர் விலக்கிக்கொள்ளலாம். எனக்கு இந்தச் சட்டம் பிடித்திருக்கிறது. விவரம் தெரிந்து கேட்கும் பெற்றோரின் பிள்ளைக்கு மட்டுமே இடம் என்பது என்ன நியாயம்?

சரி, அந்த வகுப்பில் என்ன நடக்கிறது? பல பள்ளி மாவட்டங்களில் 6, 7, 8 ஆகிய மூன்று வகுப்புகளின் பாடத்தை இரண்டே ஆண்டில் முடிக்கிறார்கள். எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1. பிறகு ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, பிரீகால்குலஸ், பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸ். நம் வாட்ஸ்அப் குழுக்களில் நடக்கும் அத்தனை பரபரப்பும் அந்தக் கடைசிச் சொல்லுக்காகத்தான். இந்த ஓட்டத்தில் அடிபடுவது விகிதமும் சதவீதமும். அவை ஆட்டம் கண்டால் அல்ஜீப்ராவில் நேர்கோட்டின் சாய்வு வரும்போது பிள்ளை திணறும்.

ஆகவே மதிப்பெண்ணை ஓரமாக வைத்துவிட்டு, இதைச் செய்து பாருங்கள். தாளைக் கேமராவுக்கு அருகில் பிடிக்கிறேன், தெரிகிறதா? 2/3-ஐ 1/6-ஆல் வகுக்க வேண்டும். "திருப்பிப் போட்டுப் பெருக்கினால் 4" என்று பிள்ளை சட்டென்று சொல்லிவிடும். அங்கே பாராட்டி எழுந்துவிடாதீர்கள். "ஏன் 4? படம் வரைந்து காட்டு" என்று கேளுங்கள். இதோ, ஒரு நீளமான பட்டை. மூன்றாகப் பிரித்து இரண்டு பங்குக்கு வண்ணம் அடிக்கிறேன். இப்போது ஒவ்வொரு பங்கையும் பாதியாக வெட்டுகிறேன். மொத்தம் ஆறு துண்டு. வண்ணம் உள்ளவை நான்கு. 2/3-க்குள் 1/6 நான்கு முறை அடங்குகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று. 100 டாலர் ஷூவுக்கு 20 சதவீதத் தள்ளுபடி. பிறகு அந்த விலையில் 20 சதவீதம் ஏற்றினால் பழைய விலை வருமா? 96 டாலர்தான் வரும். ஏன் என்று தன் சொற்களில் சொல்கிறதா பாருங்கள்.

இரண்டையும் விளக்கத் தெரிந்த பிள்ளையைத் தயங்காமல் சேருங்கள், தேர்வு மதிப்பெண் நடுத்தரமாக இருந்தாலும் சரி. பள்ளி தானாகச் சேர்க்காவிட்டால் போய்க் கேளுங்கள். 98 வாங்கியும் சூத்திரம் மட்டுமே ஒப்பிக்கிற பிள்ளைக்குக் கோடை விடுமுறை முழுவதும் இருக்கிறது. பின்னங்களைப் படமாக வரையப் பழக்கிவிட்டு, ஆகஸ்டில் திரும்பக் கேட்டுப் பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் வழக்கமான வகுப்பே போதும் என்பது என் கருத்து. ஒன்பதாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 எடுத்தால் கால்குலஸ் கைநழுவிவிடும் என்று பயமுறுத்துவார்கள். பல உயர்நிலைப் பள்ளிகள் பத்தாம் வகுப்பில் ஜியோமெட்ரியையும் அல்ஜீப்ரா 2-ஐயும் சேர்த்து எடுக்க அனுமதிக்கின்றன. அப்படி எடுத்தவரும் பன்னிரண்டில் கால்குலஸுக்கு வந்துவிடலாம்.

பள்ளி கவுன்சலரிடம் இரண்டு கேள்விகள் கேட்க மறக்காதீர்கள். எட்டாம் வகுப்பில் எடுக்கும் அல்ஜீப்ரா 1 உயர்நிலைப் பள்ளிப் பாடமாகவே கணக்கில் சேரும். அந்த மதிப்பெண் ஜிபிஏவிலும், அதாவது உயர்நிலைப் பள்ளிச் சராசரியிலும், ஏறுமா என்பது முதல் கேள்வி; இது பள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். சேர்ந்தபின் சுமை தாங்கவில்லை என்றால் எந்தத் தேதிக்குள் வகுப்பு மாற்றிக்கொள்ளலாம் என்பது இரண்டாவது. வாய்வார்த்தையாக விடாமல், பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.