28 நாள் ஊஞ்சல்

நேயர்களுக்கு வணக்கம்.

என் தாத்தா போன வருஷம் காலமானார். வயது 91. பத்திரிகைக்கு அறிவிப்பு எழுதிக் கொடுத்தது நான்தான். 'ஓய்வுபெற்ற பொறியாளர்' என்று ஆரம்பித்து, எந்தப் பதவியில் சேர்ந்தார், எந்தப் பதவியில் முடித்தார், எத்தனை பாலம் கட்டினார் என்று நாலு வரி. கடைசியில் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு வரி. அச்சில் வந்ததைப் பார்த்த பிறகுதான் கணக்குப் போட்டேன். 24 வயதில் வேலையில் சேர்ந்து 58-ல் ஓய்வு. அது 34 வருஷம். அதற்கப்புறம் 33 வருஷம் இருந்திருக்கிறார். கிட்டத்தட்ட சரிபாதி. அந்தப் பாதிக்குத்தான் நான் ஒரு வரி ஒதுக்கியிருந்தேன். சரி, அதை இங்கே வந்தாவது நேர்செய்யலாம் என்று பார்க்கிறேன்.

எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு ஐந்து. ஊஞ்சல் வேண்டும் என்று கேட்டோம். வேறு யாராக இருந்தாலும் மரக்கிளையில் கயிற்றைக் கட்டி விட்டிருப்பார்கள். தாத்தா முதலில் டிராயிங் போட்டார். பிறகு வீட்டுக்குப் பின்னால் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, இரும்புக் குழாயை நிறுத்தி, தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து, அடியில் காங்கிரீட் போட்டார். சாயங்காலம் தொட்டுப் பார்த்தோம், கல் மாதிரி இருந்தது. சங்கிலியை மாட்டச் சொன்னோம்.

"28 நாள்" என்றார்.

காங்கிரீட் காய்கிறது என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். அது காய்வதே இல்லை. சிமென்ட்டும் தண்ணீரும் வினைபுரிந்து இறுகுகிறது. ஈரம் போய்விட்டால் அந்த வினை பாதியில் நின்றுவிடும். அதனால்தான் அதன்மேல் சாக்கைப் போட்டு நனைத்துக்கொண்டே இருக்கிறார்கள். கட்டுமான இடங்களில் 15 சென்டிமீட்டர் கட்டிகளாக வார்த்து, 7-ஆம் நாள் சிலவற்றையும் 28-ஆம் நாள் சிலவற்றையும் இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்ப்பார்கள். ஏழாம் நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பலம் வந்திருக்கும். இதையெல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லி, ஆளுக்கொரு குவளையைக் கொடுத்து, காலையும் மாலையும் சாக்கை நனைக்கச் சொல்லிவிட்டார்.

எட்டாம் நாள் நான் வாதாடினேன். "மூணுல ரெண்டு பங்கு வந்துடுச்சே தாத்தா. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தாலே நாற்பது கிலோதான்." அவர் ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பார்த்தார். "கணக்குப்படி நீ சொல்றது சரி. இப்பவே யானையைக்கூட உட்கார வைக்கலாம்" என்றார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "ஆனா 28" என்றார்.

எந்தக் கான்ட்ராக்டருக்கும் வளைந்து கொடுக்காத மனுஷர் என்று பெயர் எடுத்தவர். அவரே பத்தொன்பதாம் நாள் வளைந்தார். தங்கை குவளையைக் கீழே போட்டுவிட்டு அழுத அழுகை அப்படி. இரண்டு மணல் மூட்டையை ஏற்றி ஆட்டிப் பார்த்து, பிறகு தானே உட்கார்ந்து பார்த்து, அதற்கப்புறம்தான் அவளை ஏற்றினார். அன்றைக்கு மட்டும். மறுநாள் சங்கிலியைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்.

அவரிடம் ஒரு ஸ்லைடு ரூல் இருந்தது, நடுப்பட்டையை நகர்த்திக் கணக்குப் போடுகிற அளவுகோல். 1972-ல் சட்டைப்பையில் வைக்கிற சயன்டிஃபிக் கால்குலேட்டர் வந்ததும் சில வருஷத்திலேயே உலகம் முழுக்க வழக்கொழிந்துபோன சாமான். அதில் ஒரு விசேஷம், புள்ளி எங்கே வரும் என்று அது சொல்லாது. 2.4, 24, 240 எல்லாவற்றுக்கும் ஒரே கோடுதான். விடை எந்த அளவில் வரும் என்பதை நாம்தான் மனசில் முதலிலேயே போட்டு வைத்திருக்க வேண்டும். அதே பழக்கத்தில் எங்கள் வீட்டுப்பாடத்திலும், "எவ்வளவு வரும்னு நினைக்கிறே?" என்று கேட்காமல் பென்சிலைத் தொட விடமாட்டார். இன்றைக்கும் போனில் எண்ணை அழுத்துவதற்கு முன்னால் எனக்கு ஒரு விநாடி விரல் நிற்கும்.

தூங்கப் போகும்போது அவர் சொன்ன கதைகள் குழந்தைகளுக்குச் சொல்லக்கூடியவைதானா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். அதில் ஒன்று கனடாவின் கியூபெக் பாலம். 1907 ஆகஸ்ட் 29, கட்டிக்கொண்டிருக்கும்போதே ஆற்றில் விழுந்து 75 தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். நடு இடைவெளியை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக நீட்டியிருந்தார்கள். ஆனால் பாலத்தின் சொந்த எடையைப் பழைய கணக்கிலேயே விட்டுவிட்டார்கள். மறுபடி கட்டும்போது 1916-ல் நடுப்பகுதியைத் தூக்கையில் அதுவும் விழுந்து இன்னும் 13 பேர். அடுத்த வருஷம்தான் முடிந்தது. "மேலே போகிற வண்டியை எல்லாரும் எண்ணுவான். தன் எடையை எண்ண மறந்துடுவான்" என்பார்.

இந்தக் கதைகளைச் சொல்லும்போது வாசலில் அப்பா நின்று கேட்டுக்கொண்டிருப்பார். உள்ளே வரமாட்டார். ஊஞ்சல் கட்டிய அந்த மாதம் ஒருநாள் அம்மாவிடம், "இந்த ஆளை எனக்குத் தெரியாது" என்று சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அப்பா பள்ளியில் படித்த வருஷங்கள் முழுக்கத் தாத்தா சைட்டில்தான் இருந்தார். மாதத்துக்கு ஒருமுறை வருவார், வந்தால் தூங்குவார். எங்களுக்குக் கிடைத்த 28 நாள் அப்பாவுக்கு ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை. தாத்தாவுக்கு அது தெரியுமா என்று நான் கேட்டதில்லை. தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

கடைசி இரண்டு வருஷம் மாடிப்படி அவருக்குப் பெரும்பாடு. கை கொடுத்தால் தட்டிவிடுவார். ஒருநாள் பாதிப் படியில் நின்று, தானாகவே என் தோளில் கையை வைத்தார். "எவ்வளவு எடை வருதுன்னு பார்த்துக்கோ" என்றார். ஒன்றுமே இல்லை, ஒரு துண்டைப் போட்ட மாதிரி இருந்தது. "நிறைய இருக்கு தாத்தா" என்றேன். ஒத்துக்கொண்டார்.

பழைய ஊஞ்சலின் ஒரு கால் அடியில் துருப்பிடித்துப் போயிருந்தது. போன மாதம் அப்பா அதைப் பெயர்த்துவிட்டுப் புதிதாக நட்டார். அவருக்கு இப்போது வயது 64. பார்த்தது கணக்கர் வேலை, காங்கிரீட் கலந்தது இதுதான் முதல் தடவை. என் மகளுக்கு ஒரு குவளையைக் கொடுத்து, காலண்டரில் ஒரு தேதியை வட்டம் போட்டுக் காட்டினார். அவளும் ஒருநாள் விடாமல் நனைத்தாள்.

வட்டம் போட்ட அன்று சங்கிலியை மாட்டி போல்ட்டை முறுக்கினார். அவள் ஓடிவந்து பலகையைப் பிடித்தாள்.

"இரு, இரு. முதல்ல நான். சோதனை பண்ணணும்."

உட்கார்ந்து காலை உந்தினார். முதலில் மெதுவாக, அப்புறம் உயரமாக. செருப்பு ஒன்று கழன்று எங்கோ போய் விழுந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. கால் மணி நேரம் இருக்கும்.

என் மகள் குவளையோடு நின்றுகொண்டே இருந்தாள். "தாத்தா, இன்னும் சோதனை முடியலையா?"