ஓய்வுக்குப் பிறகு மலை ஊரில் குடியேறலாமா? முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

வணக்கம்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு மலை ஊரில் போய்க் குடியேறிவிட வேண்டும் என்ற ஆசை நிறையப் பேருக்கு உண்டு. குளிர்ந்த காற்று, இரைச்சல் இல்லாத தெரு, ஜன்னலைத் திறந்தால் பச்சை. நல்ல ஆசைதான். ஆனால் இந்த முடிவைப் பெரும்பாலும் 60 வயதையொட்டி எடுக்கிறோம். உடம்பு தெம்பாக இருக்கிறது, துணை கூட இருக்கிறார், காரை நாமே ஓட்டுகிறோம். அதே வீட்டில்தான் 75 வயதிலும் 80 வயதிலும் இருக்கப்போகிறோம். அதனால் இந்த வீடியோ முழுக்க ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொள்வோம்: 80 வயதில், தனியாக, மழை கொட்டும் ஒரு இரவில், இந்த ஊர் எனக்கு எப்படி இருக்கும்?

(திரையில்: கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்றழுத்தம். 1500 மீட்டரில் சுமார் 84%, 2000 மீட்டரில் 78%, 3000 மீட்டரில் 70%)

முதலில் உயரம். 1000 மீட்டரில் இருக்கும் ஊரையும் 2500 மீட்டரில் இருக்கும் ஊரையும் உடம்பு ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளாது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கே போனாலும் 21 சதவீதம்தான். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே வரும் ஆக்சிஜன் குறைகிறது. 2000 மீட்டரில், கடலோரத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ 78 சதவீதம்தான் கிடைக்கும். பயணிகள் விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தமும் கிட்டத்தட்ட 1800 முதல் 2400 மீட்டர் உயரத்துக்குச் சமமானது. அதில் சில மணி நேரம் உட்கார்ந்து வந்துவிடலாம். அதே காற்றில் மேடு ஏறுவதும், பை தூக்குவதும், இரவெல்லாம் தூங்குவதும், அதையே வருடக்கணக்கில் செய்வதும் வேறு விஷயம்.

நல்ல உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும். முதல் சில நாட்கள் மூச்சும் இதயத் துடிப்பும் கொஞ்சம் வேகமாக இருக்கும், தூக்கம் துண்டு துண்டாகும். பிறகு சிறுநீரகம் சுரக்கும் ஒரு ஹார்மோன் சிவப்பணுக்களைக் கூடுதலாக உருவாக்கச் சொல்லும். இது சில வாரங்களில் நடக்கும். தலைவலி, குமட்டல் என்று படுக்க வைக்கும் மலை நோய் பெரும்பாலும் 2500 மீட்டருக்கு மேல்தான் வரும். ஆகவே 1500 மீட்டரில் இருக்கும் ஒரு ஊரைப் பற்றி யோசிப்பவர் பயந்துவிட வேண்டாம்.

யோசிக்க வேண்டியவர்கள், ஏற்கெனவே உடம்பில் ஒரு குறை இருப்பவர்கள். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதயச் செயலிழப்பு, நுரையீரல் ரத்தக்குழாயில் அதிக அழுத்தம், கடுமையான ரத்தசோகை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு, இவற்றில் ஏதாவது இருந்தால் உயரம் அதைக் கிளறிவிடலாம். மருத்துவரிடம் "மலைக்குப் போய் இருக்கலாமா டாக்டர்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "2100 மீட்டரில் வருடம் முழுக்க இருக்கப்போகிறேன்" என்று உயரத்தைச் சொல்லிக் கேளுங்கள். தூக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள். சில தூக்க மாத்திரைகளும் மதுவும் தூக்கத்தில் மூச்சை மட்டுப்படுத்தும், மேலே அது கூடுதல் சிக்கல். வீட்டில் ஆக்சிஜன் கருவி வைத்திருப்பவர்கள், அது எந்த உயரம் வரை முழுத் திறனோடு இயங்கும் என்று அதன் கையேட்டில் பார்க்க வேண்டும். மின்சாரம் போனால் அது நின்றுவிடும் என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒன்றும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். மேலே போனதும் அதன் அளவு சில புள்ளிகள் இறங்கும், அது இயல்பு. உடம்பு நன்றாக இருக்கும் நாட்களில் உங்கள் அளவு எவ்வளவு என்று குறித்து வைத்திருந்தால்தான், உடம்பு சரியில்லாத நாளில் காட்டும் எண்ணுக்கு அர்த்தம் இருக்கும்.

அடுத்தது குளிர். 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். விடுமுறைக்குப் போய் இரண்டு நாள் இருக்கும்போது அது சுகம். ஆனால் குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். கீழே கட்டுக்குள் இருந்த அழுத்தம் மேலே வந்ததும் நழுவலாம், மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். அதனால் முதல் சில மாதங்கள் வீட்டிலேயே அடிக்கடி அளந்து எழுதி வையுங்கள். தாகம் தெரியாமல் போவதால் தண்ணீர் குடிப்பதும் குறைந்துவிடும். இன்சுலின் உறைந்துபோனால் அதைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. வெயிலும் ஏமாற்றும்: ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. குளிர்காற்றில் வெயில் சுடுவது தெரியாது, ஆனால் தோலும் கண்ணும் பாதிக்கப்படும். கண்புரையின் ஆரம்பம் இருப்பவர்கள் நல்ல கண்ணாடி இல்லாமல் வெளியே நடக்க வேண்டாம்.

(திரையில்: மூடிய அறை, எரியும் கணப்பு, அதன் மேல் ஒரு எச்சரிக்கைக் குறி)

குளிரோடு சேர்ந்து வரும் ஒரு ஆபத்தை இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். குளிர் தாங்காமல் அறையை இறுக்க மூடிக்கொண்டு உள்ளே கரியையோ விறகையோ எரிப்பது, புகைபோக்கி இல்லாத எரிவாயுக் கணப்பைப் போட்டுவிட்டுத் தூங்குவது, இவை உயிரை எடுக்கும். அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துவிடும். லேசான தலைவலி, மயக்கம், தூக்கம், அவ்வளவுதான் அறிகுறி. தூங்கிக்கொண்டிருப்பவருக்கு அதுவும் தெரியாது. காற்றில் ஏற்கெனவே ஆக்சிஜன் குறைந்த உயரத்தில் ஆபத்து இன்னும் அதிகம். எரிக்கும் கணப்பு இருக்கும் வீட்டில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம் வேண்டும். படுக்கையறையில் எதையும் எரிக்காதீர்கள். குளியலறையில் எரிவாயு கீசர் இருந்தாலும் இதே எச்சரிக்கைதான்.

சரி, இப்போது வீட்டுக்கு வருவோம்.

காட்சி அழகாக இருக்கும் வீடு பெரும்பாலும் சரிவில் இருக்கும். சரிவு என்றால் படிகள். சாலையிலிருந்து வாசல் வரை எத்தனை படி என்று எண்ணுங்கள். மூட்டு வலிக்காரர்களுக்கு ஏறுவதை விட இறங்குவதுதான் கஷ்டம், ஏனென்றால் இறங்கும்போது முட்டியில் விழும் பாரம் அதிகம். மழையில் பாசி பிடித்த கல்லும், உறைபனி படிந்த படியும் இளைஞர்களையே வழுக்கிவிடும். வயதானபின் இடுப்பு எலும்பு முறிந்தால் நடமாட்டமே போய்விடக்கூடும். ஒரு ஸ்ட்ரெச்சரோ சக்கர நாற்காலியோ வாசலுக்கு வர முடியுமா என்று பாருங்கள். வர முடியாவிட்டால், எவ்வளவு அழகான வீடாக இருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

மனையையும் படியுங்கள். பூமியின் வடபாதியில் தெற்கு பார்த்த சரிவுக்குக் குளிர்காலத்தில் வெயில் அதிகம், தென்பாதியில் வடக்கு பார்த்த சரிவுக்கு. வெயில் படாத வீட்டில் சுவர் காயாது, பூஞ்சை பிடிக்கும், ஆஸ்துமா இருப்பவருக்கு அங்கே இருக்க முடியாது. பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் வீடு மேலே இருப்பதை விடக் கதகதப்பாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. இரவில் குளிர்ந்த காற்று கனமாகிக் கீழே இறங்கித் தேங்கும், பனிமூட்டமும் ஊரின் அடுப்புப் புகையும் அதோடு சேர்ந்து அங்கேயே நிற்கும்.

மண்சரிவுக்கு முன்னறிகுறிகள் உண்டு: ஒரே பக்கமாகச் சாய்ந்த மரங்கள், வயிறு தள்ளி நிற்கும் தடுப்புச் சுவர், தரையில் புதிதாக ஓடும் விரிசல், திடீரென்று இறுகிப்போகும் கதவு, தெளிவாக வந்த ஊற்று கலங்கி வருவது. வீட்டுக்கு மேலே யாராவது சரிவை வெட்டியிருக்கிறார்களா, மழைநீர் எந்த வழியாக வடிகிறது என்பதை மழைக்காலத்தில் போய்ப் பார்க்க வேண்டும். வெயில் காலத்தில் எல்லா மனையும் நன்றாகத்தான் தெரியும். அந்தப் பகுதியில் கட்டடம் கட்டவும் மரம் வெட்டவும் என்ன கட்டுப்பாடுகள் உள்ளன என்பதை விற்பவரிடம் கேட்பதோடு நிறுத்தாமல் உள்ளூர் நிர்வாக அலுவலகத்திலும் விசாரியுங்கள். காட்டை ஒட்டிய மனை என்றால் காட்டுத்தீயையும் விலங்குகளையும் பற்றிக் கேளுங்கள்.

(திரையில்: மலைப்பாதை வரைபடம், பக்கத்தில் கடிகாரம்)

இனி மருத்துவம். என் பார்வையில் இதுதான் முடிவைத் தீர்மானிக்க வேண்டிய விஷயம். மலையில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள், நேரத்தில் அளங்கள். பக்கவாதத்தில், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதுவும் ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் போட முடியும். ரத்தக்குழாய் முழுவதும் அடைத்த மாரடைப்பில், அடைப்பைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியை மருத்துவர்கள் சுமார் 2 மணி நேரத்துக்குள் செய்யப் பார்ப்பார்கள். நேரம் தாண்டத் தாண்ட இதயத் தசை செத்துக்கொண்டே போகும்.

இப்போது உங்கள் வீட்டைக் கணக்கில் எடுங்கள். ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரம்? ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனை எங்கே? இதயச் சிகிச்சைக் கூடம் எங்கே? ஒரு நாள் இரவில், ஒரு நாள் மழையில், ஒரு நாள் சுற்றுலாக் கூட்டம் நிரம்பிய விடுமுறையில், அந்த வழியைப் பயணித்துப் பாருங்கள். மூன்று நாளும் மூன்று நேரம் காட்டும். உங்கள் திட்டத்துக்கு அதில் மிக மோசமான நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மண்சரிந்து சாலை மூடினால் மாற்றுப் பாதை உண்டா என்றும் கேளுங்கள். ஹெலிகாப்டர் வசதி உள்ள இடங்களிலும் அடர்ந்த பனிமூட்டத்தில் அது பறக்காது. டயாலிசிஸ் செய்துகொள்பவர் பொதுவாக வாரத்துக்கு மூன்று முறை போக வேண்டும். அவருக்கு ஒரே ஒரு சாலையை நம்பிய ஊர் சரிப்படாது.

இதற்காக மலையையே விட்டுவிட வேண்டும் என்பதில்லை. அடிப்படை மருத்துவமனை உள்ள, கொஞ்சம் தாழ்வான ஊரைத் தேர்ந்தெடுக்கலாம். 2200 மீட்டருக்குப் பதில் 1200 மீட்டர் என்றால் குளிர்ச்சியும் கிடைக்கும், கீழே இறங்கும் நேரமும் குறையும். உச்சி ஊரை விட இடைப்பட்ட உயரத்து ஊர்தான் ஓய்வு பெற்றவர்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

வண்டி ஓட்டுவதைப் பற்றியும் பேசியாக வேண்டும். கொண்டை ஊசி வளைவு, எதிரே வரும் லாரி, மூடுபனி, இரவு. வயது ஏற ஏற இரவுப் பார்வை மங்கும், எதிர்வெளிச்சக் கூச்சம் கூடும். நீங்கள் ஸ்டியரிங்கை விட்டுவிட்ட பிறகு மருந்துக் கடைக்கும் வங்கிக்கும் எப்படிப் போவீர்கள்? நடந்து போகும் தூரத்தில் இவை இருந்தால் நல்லது. இல்லையென்றால் பேருந்தாவது இருக்க வேண்டும். செல்போன் சிக்னல் மலையின் மறைவில் ஒரு வளைவுக்கு ஒரு வளைவு மாறும். வீட்டுக்குள், படுக்கையருகே நின்று ஒரு அழைப்பு செய்து பாருங்கள்.

அப்புறம் மனிதர்கள்.

சீசனில் நிரம்பி வழியும் ஊர், சீசன் முடிந்ததும் வெறிச்சோடிவிடும். பக்கத்து வீடுகள் வாடகை விடுதிகளாக இருந்தால், உங்களுக்கு அயலார் என்று யாரும் இல்லை, வாராவாரம் மாறும் விருந்தாளிகள்தான். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் முதல் வருடம் ஆசையாக வருவார்கள். வழி தொலைவு என்றால் மூன்றாவது வருடம் அது குறையும், அவர்கள் மேல் வருத்தப்பட ஒன்றுமில்லை. உள்ளூர்க்காரர்களோடு பழக அவர்கள் மொழி தெரிய வேண்டும், அவர்கள் கூடும் இடத்துக்கு நீங்களும் போக வேண்டும். அதற்கு வருடக்கணக்காகும். 62 வயதில் போகிறவருக்கு அந்த நேரம் இருக்கிறது. 78 வயதில் போகிறவருக்குத் தனிமை முதல் மழைக்காலத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தம்பதியாகப் போகிறவர்கள் ஒரு கடினமான பேச்சைப் பேசிவிட வேண்டும். இருவரில் ஒருவர் போய்விட்டால், மற்றவர் இங்கே இருக்க விரும்புவாரா? மலை ஆசை பல வீடுகளில் ஒருவருடையது, மற்றவர் கூடவே கிளம்பியவர். அந்த மற்றவரிடம் நேராகக் கேளுங்கள், பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, இருக்கும் வீட்டை விற்று அந்தப் பணத்தில் மலையில் வாங்குவதை முதல் வருடம் செய்யவே செய்யாதீர்கள். இருக்கும் வீட்டை வாடகைக்கு விடுங்கள், மலையில் வாடகைக்கு இருங்கள். ஆண்டு முழுக்க இருந்தால்தான் எல்லாப் பருவமும் தெரியும். அது முடியாவிட்டால், அந்த ஊர்க்காரர்களே மோசம் என்று சொல்லும் மாதங்களில் போய் இருங்கள். சமவெளியில் வருடக்கணக்கில் உழைக்கும் கூரையும் பெயின்ட்டும் மலை ஈரத்தில் சீக்கிரம் கெடும் என்பதால் பராமரிப்புச் செலவைக் கூட்டிப் போடுங்கள். சூடேற்றும் செலவு தனி. சீசன் கோடையில் வந்தால் தண்ணீருக்கும் தட்டுப்பாடு வரலாம், தொட்டியின் கொள்ளளவைப் பாருங்கள். மலையில் சொத்தை விற்க வாங்குபவர் கிடைப்பதற்கும் நாளாகலாம். திரும்பி வர நினைக்கும்போது கையில் பணம் இல்லாமல் மாட்டிக்கொள்ளக் கூடாது.

கடைசியாக, ஏறும் முன்பே இறங்குவதைத் திட்டமிடுங்கள். எது நடந்தால் கீழே வருவோம் என்று இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். வண்டி ஓட்ட முடியாமல் போனால். படி ஏற முடியாமல் போனால். மாதத்தில் இரண்டு முறைக்கு மேல் கீழே மருத்துவமனைக்குப் போக வேண்டி வந்தால். துணை இல்லாமல் போனால். அப்போது எந்த ஊருக்கு, யாருடைய அருகில் வருவோம் என்பதையும் எழுதுங்கள். பிள்ளைகளிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் தொடங்கும் முன், அந்தத் தாளை எடுத்து உங்கள் அப்போதைய உடம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.