பாதி சரிஞ்ச மேட்டு ரோட்டை என்ன செய்யலாம்? பாயா தெருபோங் அக்காவின் கேள்வி

பினாங்குத் தீவுல, பாயா தெருபோங்ல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. அவங்க வீட்டுக்கு ஏறிப் போற ரோடு புயல் மழையில பாதி சரிஞ்சு போச்சாம். கோன் வச்சு, டேப் கட்டிட்டுப் போனவங்க இன்னும் திரும்பி வரல. அங்க உள்ளவங்கள்ல பாதிப் பேரு பழையபடி போட்டுக் கொடுக்கணும்ங்கிறாங்க, மீதிப் பேரு மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் விட்டா போதும்ங்கிறாங்க. "இதை யாரு முடிவு பண்றது, நாங்க யார்கிட்ட பேசறது?"ன்னு கேக்குறாங்க.

அக்கா, முதல்ல அந்த ரோடு யாரோடதுன்னு கேளுங்க. கூட்டரசு ரோடு, மாநில ரோடுன்னா ஜேகேஆர், அதாவது பொதுப்பணித் துறை. தாமான் (குடியிருப்பு) ரோடுன்னா தீவுல எம்பிபிபி, அதாவது பினாங்குத் தீவு மாநகர் மன்றம். மேம்பாட்டாளர் போட்டுட்டு மன்றத்துக்கிட்ட ஒப்படைக்காம விட்ட ரோடும் இருக்கு, அதுதான் தலைவலி. மாரிஸ்னு ஒரு ரோட்டுப் பதிவு இருக்கு. மாநில, மன்ற ரோடுங்களைப் பராமரிக்க கூட்டரசு தர்ற பணம் அதுல ஏறின ரோட்டுக்குத்தான். அதுல இல்லன்னா ஒய்பி (உங்க தொகுதி மக்கள் பிரதிநிதி) எவ்வளவு நல்லவரா இருந்தாலும் வேற இடத்துலதான் காசு தேடணும்.

அடுத்து, "தார் போடுங்க"ன்னு கேக்காதீங்க. ரோடு இடியலக்கா, ரோட்டைத் தாங்கின சரிவு இடிஞ்சிருக்கு. பினாங்கு மலை கருங்கல்தான், ஆனா மேல இருக்கிறது அந்தக் கல்லு உளுத்துப் போன மண்ணு. காய்ஞ்சிருந்தா கெட்டியா நிக்கும். விடாம மழை பேஞ்சு உள்ள தண்ணி ஏறிட்டா பிடிமானம் விட்டுரும். 2017 நவம்பர் 4 ராத்திரி மழையில தீவுல அங்கங்க சரிஞ்சது அப்படித்தான். அடுத்த வருஷம் அக்டோபர்ல புக்கிட் குக்குஸ்ல, உங்க பக்கந்தான், ரோடு போடுற இடத்துலயே மண்ணு விழுந்து 9 தொழிலாளிங்க செத்துப் போனாங்க.

அதனால தண்ணி எங்க போகுதுன்னு பாருங்க. மலைப்பக்கத்து லோங்காங் (வடிகால்) இலையும் மண்ணுமா அடைச்சிருந்தா, தண்ணி ரோட்டைத் தாண்டி பள்ளத்துப் பக்கந்தான் இறங்கும். தடுப்புச் சுவர்ல சின்னச் சின்ன பைப் நீட்டிக்கிட்டு இருக்கும். பெருமழைக்கு அப்புறமும் அதுல சொட்டுத் தண்ணி வரலன்னா உள்ள அடைச்சிருக்கலாம். நிக்கிற பாதியில பிறை மாதிரி வளைஞ்ச விரிசல் இருக்கா? வெயில் நாள்ல, விளிம்புக்குப் போகாம, விரிசலுக்கு ரெண்டு பக்கமும் பெயிண்ட்ல கோடு போட்டு, அளவுகோல் வச்சு, தேதியோட படம் எடுங்க. அகலம் கூடிக்கிட்டே போனா மோட்டாருக்கும் விடக்கூடாது, உங்க சண்டையும் அதோட தீர்ந்துச்சு.

கூடலைன்னா, பொறியாளர் சரின்னு சொன்னா, ஒத்தை வழியா, எடைக் கட்டுப்பாட்டோட திறக்கிறதுதான் எனக்கு நியாயமாப் படுது. பழைய அகலம் வேணும்னா கீழ இருந்து சுவர் எழுப்பணும், செலவு கடுமை. மலைப்பக்கம் வெட்டி ரோட்டை உள்ள தள்ளலாம்பாங்க. மலிவுதான், ஆனா எனக்கு அதுல உடன்பாடே இல்ல. மலையோட அடியை வெட்டினா மேல இருக்கிற மண்ணு எதுல நிக்கும்? மோட்டார் மட்டும் போதும்ங்கிறவங்களையும் ஒண்ணு கேளுங்க: பொம்பா லோரி (தீயணைப்பு வண்டி) எப்படி ஏறும், டயாலிசிஸ் போற தாத்தாவை யாரு தூக்கிக்கிட்டு இறங்குறது?

மன்றத்து ரோடுன்னா முடிவு மன்றத்தோடது. உள்ளாட்சித் தேர்தலை 1965-லயே நிறுத்திட்டாங்க, கவுன்சிலருங்க எல்லாம் நியமனம், அதனால ஓட்டு போயிடும்ங்கிற பயம் அவங்களுக்கு இல்ல. ஆனா முழு மன்றக் கூட்டத்துல பொதுமக்கள் உக்காந்து கேக்கலாம், 1976 உள்ளாட்சிச் சட்டத்துலயே இருக்கு. கூட்டத்துக்கு முன்னாடியே கவுன்சிலர் கையில கடிதம் போய்ச் சேரணும். ரெண்டு கோஷ்டி ரெண்டு கடிதம் கொடுத்தா "நீங்களே ஒத்துப் போகலையே"ன்னு ஃபைலை மூடிருவாங்க. அதனால ஒரே கடிதம், மலாய்ல, ரெண்டே கேள்வி: சரிவைப் பரிசோதிச்ச பொறியாளர் அறிக்கை எங்க, இந்தக் கோனை எப்ப எடுப்பீங்க? கொடுத்துட்டு அடுவான் (புகார்) நம்பர் வாங்காம கவுண்டரை விட்டு நகராதீங்க.